ஆண் பேச வேண்டியது ஆணிடம்: இணையத் துன்புறுத்தலும் வட சென்னையின் வாட்ஸ்அப் குழுக்களும்

2024 டிசம்பரில் சென்னையில் ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். வழக்கின் முதல் தகவல் அறிக்கை இணையத்தில் கசிந்தது. மாணவியின் விவரங்கள் அடங்கிய அந்த ஆவணம் கைபேசிக்குக் கைபேசி பரவியது. டிசம்பர் 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. அறிக்கை கசிந்ததற்காக மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

அதைப் பகிர்ந்தவர்களில் வம்புக்காகப் பகிர்ந்தவர்களும் இருந்தார்கள், நியாயம் கேட்கும் கோபத்தில் பகிர்ந்தவர்களும் இருந்தார்கள். மாணவிக்கு இருவராலும் ஒரே கேடுதான் விளைந்தது. இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் "ஆண்களும் குரல் கொடுக்க வேண்டும்" என்ற கோரிக்கை எழுகிறது. ஆனால் எதைப் பற்றி, யாரிடம், எந்த இடத்தில் பேசுவது என்பதில் தெளிவில்லை. அந்தத் தெளிவு இல்லாத குரல் எவ்வளவு நல்லெண்ணத்தோடு எழுந்தாலும் பாதிக்கப்பட்டவரையே மீண்டும் காயப்படுத்தும்.

எதைத் துன்புறுத்தல் என்கிறோம்

இணையத்தில் ஒரு பெண்ணோடு கருத்து மாறுபடுவதும், அவர் எழுதியதைக் கடுமையாக மறுப்பதும் துன்புறுத்தல் அல்ல. அவர் சொன்ன கருத்தை விட்டுவிட்டு அவர் உடலையும் ஒழுக்கத்தையும் குடும்பத்தையும் குறிவைக்கும்போது அது துன்புறுத்தலாகிறது. நடைமுறையில் இது சில வடிவங்களில் வருகிறது.

1. கேட்காமலே அனுப்பப்படும் ஆபாசச் செய்திகள், படங்கள், காணொளிகள்.
2. வேண்டாம் என்று தெளிவாகச் சொன்ன பிறகும் தொடர்ந்து செய்தி அனுப்புவது. பிளாக் செய்தால் வேறு கணக்கிலிருந்து வருவது. அவர் எப்போது இணையத்தில் இருக்கிறார், யாருக்குப் பதில் எழுதுகிறார் என்று வேவு பார்ப்பது.
3. முகத்தை வெட்டி வேறு உடலோடு ஒட்டும் மார்பிங், செயற்கை நுண்ணறிவால் செய்யப்படும் டீப்ஃபேக், நம்பிப் பகிர்ந்த அந்தரங்கப் படத்தை அனுமதியில்லாமல் பரப்புவது. மூன்றும் தொழில்நுட்பத்தால் வேறு, விளைவால் ஒன்று.
4. பெண்ணின் தொலைபேசி எண், வீட்டு முகவரி, கல்லூரி ஆகியவற்றைப் பொதுவெளியில் போடுவது. அவர் பெயரில் போலிக் கணக்கு தொடங்குவது.
5. கும்பலாகத் திட்டுவது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு கமென்டும் சின்னதாகத் தெரியும். பெறுகிறவருக்கு அது ஒரே இரவில் ஆயிரம் குரல்.

எகனாமிஸ்ட் இன்டலிஜென்ஸ் யூனிட் 2021இல் 51 நாடுகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையில், 38 சதவீதப் பெண்கள் தாங்களே இணைய வன்முறைக்கு ஆளானதாகவும், 85 சதவீதத்தினர் பிற பெண்கள் ஆளானதைப் பார்த்ததாகவும் கூறினர். இந்தியாவில் 2019 மக்களவைத் தேர்தல் காலத்தில் 95 பெண் அரசியல்வாதிகளைக் குறிப்பிட்ட ட்வீட்களை ஆம்னஸ்டி ஆய்வு செய்தது. அவற்றில் ஏறத்தாழ ஏழில் ஒன்று இழிவானதாகவோ வசையாகவோ இருந்தது.

சட்டம் எதுவரை எட்டும்

சட்டம் இல்லை என்பது தவறான எண்ணம். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 75ஆவது பிரிவு பாலியல் துன்புறுத்தலையும், 77ஆவது பிரிவு அந்தரங்கத்தை மறைந்திருந்து பார்ப்பதையும் படமெடுத்துப் பரப்புவதையும், 78ஆவது பிரிவு பின்தொடர்தலையும், 79ஆவது பிரிவு சொல்லாலும் செய்கையாலும் பெண்ணின் கண்ணியத்தை அவமதிப்பதையும் குற்றமாக்குகின்றன. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பது 78ஆவது பிரிவிலேயே வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ, 67, 67ஏ பிரிவுகள் அந்தரங்கப் படங்களையும் ஆபாசப் பதிவுகளையும் பற்றியவை. தமிழ்நாட்டுக்கு இவற்றோடு, பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் உண்டு. சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் சாலையில் துன்புறுத்தப்பட்டு உயிரிழந்த பின் பிறந்த சட்டம் அது. 2025 ஜனவரியில் பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கடுமையாக்கும் திருத்தங்களைத் தமிழக சட்டமன்றம் நிறைவேற்றியது.

"நான் எழுதவில்லை, வந்ததைப் பகிர்ந்தேன்" என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்பதில்லை. 2018இல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவைத் தன் முகநூல் பக்கத்தில் பகிர்ந்த நடிகர் ஒருவர், முன்னாள் சட்டமன்ற உறுப்பினரும் கூட, அதைப் படிக்காமல் பகிர்ந்ததாகச் சொன்னார். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறைத் தண்டனையும் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழானவர் என்றால் நிலைமை இன்னும் கடுமை. அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் பதிவான ஒரு வழக்கை, சிறார் பாலியல் படங்களைக் கைபேசியில் வைத்திருந்ததும் பார்த்ததும் மட்டும் குற்றமாகாது என்று சொல்லி உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்து செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. சிறார் பாலியல் படத்தை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே போக்சோ சட்டத்தில் சிக்க வைக்கும். பள்ளி, கல்லூரி மாணவர்களின் குழுக்களில் இருக்கும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும் சட்டத்துக்கு எல்லை உண்டு. மற்றவரைப் புண்படுத்தும் எதையும் குற்றமாக்கிய 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று நீக்கியது. கருத்துச் சுதந்திரத்துக்கு அது தேவையான தீர்ப்பு. அதைத் திரும்பக் கொண்டுவரக் கேட்பது பெண்களுக்கே எதிராகத் திரும்பும். ஆனால் அதன் பொருள், ஏளனமும் கிசுகிசுவும் "அவ எப்படின்னு எங்களுக்குத் தெரியாதா" வகைப் பேச்சும் பெரும்பாலும் சட்டத்தின் கைக்கு வெளியே நிற்கும் என்பதே. பெண்களை இணையத்தை விட்டுத் துரத்துவதில் அந்தப் பேச்சுக்குப் பெரும்பங்கு உண்டு. அங்கே காவலரோ நீதிபதியோ வர முடியாது. அந்தக் குழுவில் இருக்கும் இன்னொரு ஆணால் முடியும்.

மூடிய குழுவுக்குள் யார் பார்க்கிறார்கள்

முகநூல், இன்ஸ்டாகிராம் பதிவுகளை எவரும் பார்த்துப் புகார் செய்யலாம். வாட்ஸ்அப் அப்படியல்ல. 2016 முதல் அதன் செய்திகள் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய மறையாக்கத்தில் செல்கின்றன. நிறுவனமே உள்ளே பார்க்க முடியாது. பெண்களின் அந்தரங்க உரையாடலுக்கும் இதே பூட்டுதான் பாதுகாப்பு. ஆகவே பூட்டை உடைப்பது தீர்வல்ல. உள்ளே இருப்பவர் ரிப்போர்ட் செய்தால் மட்டும் அந்த உரையாடலின் கடைசி ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும். யார் ரிப்போர்ட் செய்தார் என்பது மற்றவருக்குத் தெரிவதில்லை.

தெருவில் வசிக்கும் ஒரு பெண்ணின் படம் ஆண்கள் மட்டுமே உள்ள குழுவுக்கு வந்து சேர்கிறது என்றால், உலகத்தில் அதைத் தடுக்கக்கூடியவர்கள் அந்தக் குழுவின் ஆண்கள் மட்டுமே. சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு அது நடப்பதே தெரியாது. இந்தக் கட்டுரையின் முழு வாதமும் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்தப் படத்தைப் போடுபவன் பெண்ணுக்காகப் போடவில்லை. அவளோ அங்கு இல்லை. மற்ற ஆண்கள் சிரிக்க வேண்டும், "எங்கே கிடைத்தது" என்று கேட்க வேண்டும் என்பதற்காகப் போடுகிறான். எதுவும் சொல்லாமல் பார்த்துவிட்டுப் போகிறவன், தான் ஒதுங்கிக்கொண்டதாக நினைக்கிறான். போட்டவனோ அவனையும் ரசிகன் என்றே எண்ணிக்கொள்கிறான்.

யார் சொன்னால் கேட்பான்

அமைதியாக இருப்பவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. 1968இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். இன்டர்காம் வழியே ஒருவருக்கு வலிப்பு வருவது கேட்கிறது. தான் ஒருவர் மட்டுமே கேட்கிறோம் என்று நம்பியவர்களில் 85 சதவீதத்தினர் உதவிக்கு விரைந்தனர். தன்னோடு இன்னும் நால்வர் கேட்கிறார்கள் என்று நம்பியவர்களில் அப்படி விரைந்தவர்கள் 31 சதவீதம் மட்டுமே. பொறுப்பு பலர் மேல் பரவும்போது ஒருவரும் எடுக்க மாட்டார்கள். ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம்.

மற்றொரு ஆய்வு இன்னும் நெருக்கமானது. அமெரிக்க ஆய்வாளர் கெவின் மங்கர், கறுப்பினத்தவரை இழிசொல்லால் தாக்கிவந்த வெள்ளை ஆண்களின் ட்விட்டர் கணக்குகளைத் தேர்ந்தெடுத்தார். "இந்தச் சொல்லால் உண்மையான மனிதர்கள் காயப்படுகிறார்கள்" என்ற பொருள்பட ஒரே செய்தியைப் பல போலிக் கணக்குகளிலிருந்து அனுப்பினார். சில கணக்குகளில் வெள்ளை ஆணின் முகம், சிலவற்றில் கறுப்பின ஆணின் முகம். சிலவற்றுக்குப் பின்தொடர்வோர் அதிகம், சிலவற்றுக்குக் குறைவு. 2017இல் வெளியான முடிவு இது: நிறையப் பேர் பின்தொடரும் வெள்ளை ஆண் கண்டித்தபோதுதான் வசை கணிசமாகக் குறைந்தது.

அது இனவெறி பற்றிய ஆய்வு. ஆனாலும் அதன் உள்ளிருக்கும் மனித இயல்பு நமக்குப் புதிதல்ல. தன்னைச் சேர்ந்தவன், தன்னைவிட மதிப்புள்ளவன் சொன்னால் ஒருவனுக்கு உறைக்கிறது. ஒரு பெண் "இது தவறு" என்றால் அவரே அடுத்த இலக்காகிறார். அதே வார்த்தையை அவர்களின் கால்பந்து அணித் தலைவர் சொல்லும்போது குழு அமைதியாகிறது. இப்படி இருப்பது அநியாயம். பெண்ணின் சொல்லுக்கே மதிப்பிருக்க வேண்டும். அந்த நாள் வரும்வரை, ஆண் என்பதால் தனக்குக் கிடைத்திருக்கும் இந்தச் செல்வாக்கை ஓர் ஆண் பயன்படுத்தாமல் வைத்திருப்பது சரியா என்பதே கேள்வி.

வட சென்னையில் இதன் நிறம்

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பகுதிகளில் இணையமும் தெருவும் இரண்டல்ல. ஒரே சந்தில் பிறந்து, ஒரே பள்ளியில் படித்து, ஒரே திடலில் கால்பந்து ஆடியவர்கள் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். தென்சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு பெண்ணின் எண் கசிந்தால் தொலைபேசி ஓயாமல் அடிக்கும். இங்கே, அடிப்பதோடு நிற்காமல் எவனோ ஒருவன் வாசலுக்கே வந்து நிற்கவும் முடியும். வீடு எது என்று எல்லோருக்கும் தெரியும்.

வீட்டுக்கு ஒரே நல்ல கைபேசி, அதையே தாயும் மகளும் தம்பியும் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மகள் தனக்கு வந்த அசிங்கமான செய்தியைக் காட்டினால், பல வீடுகளில் முதலில் பறிக்கப்படுவது கைபேசி. அடுத்து டியூஷன், அதற்கடுத்து கல்லூரி. பாரதி மகளிர் கல்லூரிக்கோ வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரிக்கோ போகும் முதல் தலைமுறைப் பெண்ணுக்கு இது தெரியும்; அதனால்தான் அவர் யாரிடமும் சொல்வதில்லை. துன்புறுத்துபவனின் மிகப் பெரிய பலம் அந்த மௌனம்.

இதோடு வெளியுலகம் வட சென்னை மேல் பூசியிருக்கும் சாயமும் சேர்கிறது. இந்தப் பகுதிப் பெண் ஒரு ரீல்ஸ் போட்டால் அவர் பேச்சு வழக்கையும் நிறத்தையும் சாதியையும் சேர்த்தே இழிவு செய்கிறார்கள். பகுதியின் பெயருக்காகக் கொதித்தெழும் இளைஞர்கள், அதே பகுதிப் பெண்ணை இழிவு செய்யும் பதிவைத் தங்கள் குழுவில் பார்த்தால் கடந்து போகிறார்கள். இது மாற முடியாததல்ல. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண். அவருக்குக் கேரம் கற்றுக்கொடுத்தவர் ஆட்டோ ஓட்டும் தந்தை. பெண் வெளியே தெரிய வருவதைப் பெருமையாகக் கொள்ளும் ஆண்கள் இந்த மண்ணில் உண்டு. கேரம் கிளப், கால்பந்து அணி, குத்துச்சண்டைக் கூடம், இரவுப் பாடசாலை என்று ஆண்களின் பேச்சுக்கு மதிப்பிருக்கும் இடங்களும் இங்கே நிறைய உண்டு. பேச்சு தொடங்க வேண்டிய இடம் அவைதான்.

உதவி என்று நினைத்துச் செய்யும் கேடுகள்

பேசுவதென்று முடிவு செய்த ஆண்கள் அடிக்கடி செய்யும் தவறுகள் சில.

1. பாதிக்கப்பட்டவரின் பெயரோடும் படத்தோடும் கண்டனம் பதிவிடுவது. கண்டனம் மறந்துபோகும், படம் தங்கிவிடும். "இவன் செய்ததைப் பாருங்கள்" என்று மூலப் பதிவையே பகிர்வதும் அவன் வேலையைச் செய்து கொடுப்பதுதான்.

2. துன்புறுத்தியவனின் தாயையும் சகோதரியையும் இழுத்துத் திட்டுவது. நம் வசைச் சொற்களில் பெரும்பாலானவை பெண்ணின் உடலில் போய் முடிகின்றன. ஒரு பெண்ணுக்காகப் பேசப் போய் வேறு இரண்டு பெண்களை அவமதித்துவிட்டு வருவதற்குப் பெயர் ஆதரவு அல்ல.

3. கும்பலாகப் போய் அடிப்பது. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடிதடி தொடங்கிய கணத்தில் விஷயம் அந்தப் பெண்ணை விட்டு நழுவி இரண்டு ஆண் கூட்டங்களின் மானப் பிரச்சினையாகிறது. புகார் கொடுக்கப் போனவர் மேல் வழக்கு விழுகிறது. ஊர் முழுக்க அவர் பெயர் தெரிகிறது. அவரைக் கேட்காமல் எடுத்த எந்த நடவடிக்கையும் அவருக்கு உதவாது.

4. "படம் ஏன் போட்டாய்" என்று கேட்பது. 2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் முகத்தை மார்பிங் செய்து முகநூலில் போட்டார்கள். புகார் கொடுத்தும் படம் உடனே நீக்கப்படவில்லை. தான் எந்தப் படமும் அனுப்பவில்லை என்று எழுதி வைத்துவிட்டு அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தான் சொல்வதை நம்புவார்களா என்ற அச்சம் எவ்வளவு கொடியது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

5. "எல்லா ஆண்களும் அப்படியல்ல" என்று தொடங்குவது. உண்மைதான், ஆனால் அந்த நேரத்தில் அது பெண்ணின் வேதனையிலிருந்து பேச்சைத் திருப்பி ஆணின் நற்பெயருக்குக் கொண்டுபோகிறது. ஆண்களும் கடன் செயலிக்காரர்களின் மார்பிங் மிரட்டலுக்கு ஆளாகிறார்கள் என்பதும் உண்மை. 66இ, 67 பிரிவுகள் அவர்களுக்கும் பொருந்தும். அதைத் தனியாகப் பேசலாம், பேசவும் வேண்டும்.

குழுவில் ஒரு படம் வந்துவிட்டால்

1. உடனே, எல்லோரும் பார்க்கும்படி, சுருக்கமாக எழுதுங்கள்: "இதை நீக்கு. இது தவறு." நீண்ட அறிவுரை வேண்டாம். முதல் எதிர்ப்பு வரும் வேகம்தான் அடுத்தவர் சிரிப்பாரா, நிறுத்துவாரா என்பதைத் தீர்மானிக்கும். போட்டவன் நண்பன் என்றால் பிறகு தனியாக அழைத்துப் பேசுங்கள். 2021இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் ட்விட்டரில் இனவெறிப் பதிவிட்டவர்களிடம் மூன்று விதமாகப் பதில் சொல்லிப் பார்த்தனர். கேலியும் எச்சரிக்கையும் பலன் தரவில்லை. காயப்படுபவரின் வலியைச் சொன்ன பதில், சிறிய அளவில் என்றாலும், பலன் தந்தது.

2. அந்தரங்கப் படத்தைச் சேமிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுக்காதீர்கள். அனுப்பியவரின் எண், நேரம், குழுவின் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு செயலிக்குள்ளேயே ரிப்போர்ட் செய்யுங்கள். வெறும் எழுத்து மிரட்டல் என்றால் ஸ்கிரீன்ஷாட் சான்றாகப் பயன்படும்.

3. அட்மின் என்றால் உங்களுக்குக் கூடுதல் கருவி உண்டு. உறுப்பினர் போட்டதை எல்லோருடைய திரையிலிருந்தும் அழிக்கும் வசதி 2022 முதல் அட்மினுக்கு இருக்கிறது. உறுப்பினர் செய்த குற்றத்துக்கு, அதில் கூட்டுச் சேராத அட்மின் குற்றவாளியாக மாட்டார் என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் கூறியிருக்கின்றன. மதுரைக் கிளையும் அதே நிலையை எடுத்தது. பயத்தில் குழுவைக் கலைத்துவிட்டு ஓடத் தேவையில்லை. விவரங்களைக் குறித்த பின் படத்தை அழித்து, போட்டவரை நீக்குங்கள்.

4. அந்தப் பெண்ணுக்குத் தெரியப்படுத்துங்கள். நேராகச் சொல்லத் தயக்கம் இருந்தால் அவர் நம்பும் ஒரு பெண் மூலம் சொல்லலாம். அவர் அண்ணனிடமோ அப்பாவிடமோ முதலில் போகாதீர்கள். அடுத்து என்ன செய்வது என்ற முடிவு அவருடையது.

5. அவர் கேட்டால் வழி தெரிந்து வைத்திருங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான பகுதியில் பெயர் சொல்லாமலும் புகார் பதியலாம். 1930 சைபர் உதவி எண், 181 மகளிர் உதவி எண். ஸ்டாப் என்சிஐஐ என்ற தளம் படத்தைப் பெறாமலே, கைபேசியிலேயே அதன் எண்ணியல் அடையாளத்தை மட்டும் கணக்கிட்டு, இணைந்துள்ள நிறுவனங்களுக்கு அனுப்பி, அதே படம் மீண்டும் ஏறாமல் தடுக்க உதவுகிறது. சமூக ஊடக நிறுவனங்களின் குறைதீர் அலுவலரிடமும் முறையிடலாம். 2021ஆம் ஆண்டு விதிகள் அந்தரங்கப் படங்களையும் மார்பிங் படங்களையும் நீக்க 24 மணி நேரக் கெடு விதித்தன.

காவல் நிலைய எல்லை பற்றிய குழப்பமும் இங்கே உண்டு. 2022 தொடக்கத்தில் சென்னைக் காவல் சென்னை, ஆவடி, தாம்பரம் என மூன்று ஆணையரகங்களாகப் பிரிந்தபோது வடக்கு ஓரப் பகுதிகள் சில ஆவடிக்குப் போயின. "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவலைப் பதியலாம். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். உடன் வரும் ஆணின் வேலை இந்தப் பிரிவைத் தெரிந்து வைத்திருப்பதும், நிலையத்தில் அவர் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பதும்.

பேசியவருக்கு என்ன நேரும்

சும்மா சொல்லிவிட்டுப் போகக்கூடிய விஷயம் அல்ல இது. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு 2019 பிப்ரவரியில் வெளிவந்தது, ஒரு மாணவி தனக்கு நேர்ந்ததைத் தன் சகோதரரிடம் சொன்னதாலும், அவர் அதை நம்பியதாலும். புகார் கொடுத்த பிறகு அந்தச் சகோதரர் தாக்கப்பட்டார். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. ஆறு ஆண்டுகள் அந்தக் குடும்பம் பட்டதை எந்தத் தீர்ப்பும் ஈடுசெய்யாது.

குழுவில் கண்டித்த ஒருவருக்கு அந்த அளவுக்கு நேர்வது அரிது. கேலி நேரும், குழுவிலிருந்து நீக்குவார்கள், "உனக்கு அவள் யார்" என்று கேட்பார்கள். அந்தக் கடைசிக் கேள்விக்கு "என் தங்கை மாதிரி" என்று பதில் சொல்ல வேண்டியதில்லை. உறவில்லாத பெண்ணுக்கும் அந்த உரிமை உண்டு. மிரட்டல் வந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆவது பிரிவில் குற்றம். அடையாளத்தை மறைத்துக்கொண்டு மிரட்டினால் கூடுதலாக இரண்டு ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. மிரட்டல் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு, தனியாகப் போகாமல் நம்பிக்கையான ஒருவரோடு நிலையத்துக்குப் போய் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுத்து, அதற்கான ரசீதைக் கேட்டு வாங்க வேண்டும்.